வாசல் அளவு

கல்லூரி ஒன்றில் குற்றமும் தண்டனையும் பற்றிச் சமூகவியல் பாடம் நடத்தி வந்தது ஓணான். தலையாட்டுவது அதன் பிறவிக்குணம். நிர்வாகமோ அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டது.

விடுதி அரிசி மூட்டை மூட்டையாகக் களவு போகவே, மாணவர்களுக்குப் புத்தி சொல்ல எலிப்பொறியைச் சிறப்புரைக்கு அழைத்தார்கள். முன்வரிசையில் தாளாளர் பெருச்சாளி சோபாவை நிறைத்து உட்கார்ந்திருந்தார்.

"என் அனுபவத்துல சொல்றேன், திருடுறது சுண்டெலிங்கதான். வேற யாரும் இதுவரைக்கும் என்கிட்ட மாட்டினதே இல்லை" என்றது பொறி.

கடைசி பெஞ்சில் சுண்டெலி மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஓணானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருட்டென்று எழுந்தது.

"ஐயா, உங்க வாசல் எவ்வளவு அகலம்?"

"சுண்டெலி நுழையற அகலம். தாளாளர் ஐயாவே பக்கத்துல நின்னு அளவு கொடுத்தார்" என்றது பொறி, பெருமையாக.

பெருச்சாளி ஓணானைப் பார்த்து அவசரமாகக் கையசைத்தார். "நேரமாச்சு. நன்றியுரையைச் சொல்லி முடிங்கம்மா."

ஓணான் மைக்கைப் பிடித்தது. அன்றைக்கு மட்டும் அதன் தலை ஆடவில்லை.

"வாசலுக்கு அளவு கொடுத்த தாளாளர் ஐயாவுக்கு, உள்ளே மாட்டின அத்தனை சுண்டெலிகள் சார்பாகவும் நன்றி" என்றது.