மாசக் கடைசிச் சண்டை

"ஈரத்துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?" தெரசா கத்தினாள்.

"என் வூடு, என் துண்டு, அப்படித்தான் போடுவேன்!" கலைவாணன் எகிறினான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் ஓடி வந்தாள். "முன்னெல்லாம் மாசக் கடைசியில காசில்லாம அடிச்சுக்குவீங்க. ஒரு வருஷமா நிம்மதியா இருந்தீங்க. இப்ப துண்டுக்கா சண்டை?"

கலைவாணன் வண்டியை முறுக்கிக்கொண்டு கிளம்பினான்.

"கோவிச்சுக்கிட்டுப் போவுது தம்பி, தடுக்க மாட்டியா தெரசா?"

"வந்துருவாருக்கா." தெரசா மூன்று தட்டுகளைக் கழுவி வைத்தாள்.

அரை மணி நேரத்தில் பொம்மிடி கடைத்தெருவிலிருந்து மூன்று பிரியாணிப் பொட்டலங்களோடு வந்தான் அவன். செல்லம்மாள் விழித்தாள். தெரசா சிரித்துக்கொண்டே பட்ஜெட் நோட்டை நீட்டினாள். பால், கேஸ், ஸ்கூல் பீஸுக்குக் கீழே, 'சண்டை வந்தால் சமாதான பிரியாணி: ஐநூறு' என்றிருந்தது.

"பட்ஜெட் போட்டதிலிருந்து சண்டையே வரலக்கா. அந்த ஐநூறை வேற எதுக்கும் தொட வுடமாட்டேங்கறா," என்றான் கலைவாணன். "நானோ கவர்மென்ட் ஆபீஸ் கிளார்க்கு. ஒதுக்கின நிதியைச் செலவழிக்காம வுட்டுப் பழக்கமில்ல. அதான், குளிக்காமலே துண்டை நனைச்சுக் கட்டில்ல போட்டேன்."