நான்காவது பெயர்

கூடத்தில் இருப்பவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, மருமகள். மேசைமேல் என் மகனின் மடிக்கணினி. அவன் விரல் பட்டுத் தேய்ந்த விசைகளில் சன்னல் வெயில் மினுங்குகிறது. அவன் இறந்து ஐந்து மாதமாகிறது. வேலைக்குப் போவதற்காக மருமகள் ஒரு வகுப்பில் கணினி நிரல் எழுதக் கற்கிறாள். இன்றைய பயிற்சியில், வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைப் பட்டியலாக எழுதி, கணினியை எண்ண வைக்க வேண்டும். எண்ணியது சரியா என்று பார்க்க ஒரு சோதனையும் எழுத வேண்டும். நான்கு மணிக்குள் அனுப்பாவிட்டால் வகுப்பில் இடம் போய்விடும். திரையில் சிவப்பு வரி ஒன்று நிற்கிறது. சோதனை மூன்று பேர் என்கிறது. கணினி நான்கு என்கிறது. பழக்கத்தில் அவன் பெயரையும் எழுதியிருக்கிறாள்.

“சோதனையில நாலுன்னு மாத்திடேன்மா. யாரு வந்து தலையை எண்ணப் போறாங்க?” என்கிறாள் என் மனைவி.

“சோதனை சரிதான் அத்தை. பட்டியல்தான் தப்பு.”

அழிக்கும் விசைமேல் விரலை வைக்கிறாள். வைத்த விரல் வைத்தபடியே இருக்கிறது. மணி நான்காக இன்னும் ஆறு நிமிடம்.

“தள்ளிக்கோம்மா. எதை அழுத்தணும்?” என்று கண்ணாடியை மாட்டிக்கொள்கிறேன்.

“மாமா, வேணாம்...”

நான் வைத்த பெயர் எழுத்து எழுத்தாகப் போகிறது. சிவப்பு வரி பச்சையாகிறது. என் மனைவி சமையலறைக்குள் போய், கழுவ ஒன்றும் இல்லாமலே குழாயைத் திறந்துவிடுகிறாள்.

புருஷன் பெயரைத் தன் கையாலேயே அழித்தவள் என்று உறவினர் சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்வி. தவறு. இந்த வீட்டு மருமகள் அந்த விசையைத் தொட்டாள், அழுத்தவில்லை. அழுத்தியது நான்.