பீரங்கிச் சூட்டில் வெந்த சோறு

நாலைந்து நாளாக ஊறவைத்த அரிசியையே மென்றதில் தாடை வலித்தது, வயிறு கல்லாகிவிட்டது. எங்கள் விண்வெளிப் போர்க்கப்பலில் அடுப்புக்கென்று மின்சாரம் தரமாட்டார்கள். வரும் ஏவுகணையைக் கதிர்ப்பீரங்கி எரிக்கும்போது எழும் சூடுதான் குழாய் வழியே சமையலறைக்கு வரும். தாக்குதல் இல்லாத நாளில் சோறு இல்லை.

"ஒண்ணே ஒண்ணு வந்தா என்னக்கா?" என்றேன்.

"வாயைக் கழுவு புள்ள. நம்ம தலையில விழுந்தா நீதான் குழம்பு," என்றாள் என்னோடு சமைக்கும் அமலோற்பவம் அக்கா. ஆனாலும் உலைக்கு அரிசியைக் களைந்து வைத்தாள்.

அன்றே இரண்டு வந்தன. குழாய் கொதித்தது, சோறு பொங்கியது. நாக்கு வேக அள்ளித் தின்றோம். பாதிச் சோற்றில் ஒலிபெருக்கி சொன்னது: பீரங்கியால் ஒன்றைத்தான் எரிக்க முடிந்தது, மற்றது பக்கத்துக் கப்பலைப் பிளந்துவிட்டது. அங்கே யாரும் மிஞ்சவில்லை.

கையை உதறி எழுந்தேன்.

"நீ கூப்பிட்டா வந்துச்சு? உக்காந்து தின்னு." அக்கா என் தோளை அழுத்தினாள். "அந்தக் கப்பல்ல சமைச்ச எசக்கி அண்ணன்கிட்ட கைமாத்தா வாங்கின அரிசி இது. வீணாக்காத."

தின்று முடித்தோம். எசக்கி அண்ணனுக்கு ஒரு மூட்டை அரிசி பாக்கி.