பாலத்துக்கு அங்கால நுளம்பு

பாலத்தை நெருங்கியதும் ஸ்ரீதரன் காரை நிறுத்தினார். பின்னால் கொழுவியிருந்த கரவன் என்ற சக்கர வீட்டையும் சேர்த்துத் திருப்பத் தொடங்கினார்.

“அங்கால நுளம்பு கூட,” என்றார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்த மனைவி சந்திரகாந்தி, அந்த நுளம்பு கடித்தால் வீங்கும் என்று சேர்த்துச் சொன்னார். கரவன் சோள வயலுக்குள் ஒரு சக்கரத்தை விட்டு, யாருடையதோ தபால்பெட்டியைச் சரித்து, ஒருவழியாகத் திரும்பியது. பின்னால் வந்த டிராக்டர்காரர் வருடம் முழுவதும் அடிக்கவேண்டிய ஹார்னை அங்கேயே அடித்துத் தீர்த்தார்.

நேற்றுக் காட்டுப்பாதையில் பன்றி. முந்தாநாள் நெடுஞ்சாலையில் காற்று, கரவன் பறந்துவிடுமாம். திரும்பிப் போக ஸ்ரீதரனிடம் காரணத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

கரவன், அவர் வேலை செய்யும் தொழிற்சாலை மேற்பார்வையாளருடையது. பூப்போட்ட திரை, முனகும் கழிப்பறை, 2006 உதைபந்தாட்ட உலகக்கிண்ணத்துக்கு ஒட்டிய ஜெர்மன் கொடி எல்லாம் அதோடு வந்தன. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் விடுமுறைக்கு எங்காவது போகிறார்கள், நம் பிள்ளைகள் மட்டும் வீட்டுச் சுவரையா பார்ப்பது என்று அதை இரவல் வாங்கியிருந்தார்.

காசு கட்டித் தங்கும் முகாம்களை மட்டும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. வாசலிலேயே பாஸ்போர்ட், விலாசம் என்று கேட்டு மனிதனைக் களைக்க வைப்பார்கள் என்றார். ஆகவே குளக்கரை, தேவாலயப் பின்பக்கம், இலவசமாக நிற்க விடுகிற எந்த இடமும் சரி.

பின் இருக்கையில் ஒன்பது வயது நிசாந் எதிரே வரும் கார்களின் இலக்கத்தகடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஜெர்மனியில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தகட்டில் வேறு எழுத்து. புது எழுத்தைக் கண்டால் ஒரு புள்ளி. இதுவரை ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்துச் சனம் வீட்டைவிட்டு வெளிக்கிடாத சனம் என்று அப்பா விளக்கினார். நிசாந் தலையாட்டினான். அக்கா பிரபாலினி யன்னலால் மாடுகளைப் பார்த்தாள்.

அன்று மாலை ஒரு கிராமத்துத் தீயணைப்பு நிலையத்தின் பின்னால் நிறுத்தினார்கள். ஒரு தண்ணீர்க் குழாய், அதில் நாயைக் குளிப்பாட்டக் கூடாது என்று ஒரு பலகை. ஏற்கெனவே ஒரு வாடகை மோட்டார் வீடு நின்றது. பான் நகரத்து எழுத்து. நிசாந்துக்கு முதல் புள்ளி.

அதில் வந்திருந்தவர்கள் சென்னைக்காரர் நரேஷும் மனைவி மைதிலியும். கணினி வேலை. சந்திரகாந்தியின் மீன்குழம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். தட்டை வழித்தபடி நரேஷ் தாங்கள் பார்த்த ஊர்களை அடுக்கினார். ஹாம்பர்க், பெர்லின், மியூனிக். ஸ்ரீதரன், தாங்கள் ஒரு வாரமாகச் சுற்றிய குளங்களில் எதில் வாத்து அதிகம் என்று சொன்னார்.

“ஒரு வாரமா இங்கயேவா சுத்துறீங்க? கடல் ரெண்டு மணி நேரம்தான் அண்ணா. காலைல எங்க பின்னாடியே வந்துடுங்க,” என்றார் நரேஷ்.

நிசாந் எழுந்து நின்றான். அவன் கடலைக் கண்டதே இல்லை.

ஸ்ரீதரன் டயர் சரியில்லை என்றார். நரேஷ் டயரை உதைத்துப் பார்த்து, புதுசு மாதிரி இருக்கு என்றார். கடல் குளிரும் என்றார் ஸ்ரீதரன். ஆகஸ்டிலா என்று மைதிலி கேட்டார். நரேஷ் தன் வழிகாட்டிக் கருவியைக் கொண்டுவந்து காட்டினார், அதில் ஒரு பெண் வழி சொல்லுவாள் என்று. கட்டாத பெண்ணின் சொல்லைத் தான் கேட்பதில்லை என்றார் ஸ்ரீதரன். கட்டினவளின் சொல்லையும்தான் என்றார் சந்திரகாந்தி. எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் முடிந்தது என்று ஸ்ரீதரன் நினைத்தார்.

மைதிலி சிறுவனின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“சரி, நீங்க இங்க வாத்து பாருங்க. பசங்கள நாங்க கூட்டிட்டுப் போய் சாயங்காலம் கொண்டுவந்து விடுறோம்.”

ஸ்ரீதரன் மனைவியைப் பார்த்தார். அவர் காலிச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“எனக்குக் கடல் விருப்பமில்லை அங்கிள்,” என்றாள் பிரபாலினி.

எல்லாரும் நிசாந்தைப் பார்த்தார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு மெல்ல உட்கார்ந்தான்.

“எனக்கும் வேண்டாம்.”

காலையில் நரேஷ் கைகாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். பிள்ளைகளைக்கூட மிரட்டி வைத்திருக்கிற கஞ்சன் என்று மனைவியிடம் அவர் சொன்னது, கண்ணாடி திறந்திருந்ததால் நன்றாகவே கேட்டது. மோட்டார் வீடு வடக்கே போய் மறைந்தது.

எல்லாரும் காரில் ஏறிய பிறகும் ஸ்ரீதரன் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். வருகிற வருடம் கட்டாயம் கடலுக்குப் போவோம் என்றார். இந்த முறை ஏன் முடியாமல் போனது என்றால், என்று தொடங்கியவருக்கு மிச்சம் வரவில்லை.

நிசாந் பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டான்.

“விடுங்கோ அப்பா. எங்கட அகதிக் கேஸ் முடியுமட்டும் இந்த மாவட்டத்தைத் தாண்ட ஏலாது எண்டு எங்களுக்கு முதலே தெரியும். நீங்கள் ஆசையாய் ஓட்டுறியள் எண்டுதான் வந்தனாங்கள்.”