மெஷின் சொன்னா சரிதான்

"நீங்க உருவின சீட்டு ஏழு."

பாய்லர் ஆப்பரேட்டர் வாயைப் பிளந்தார். நெஞ்சிலும் விரல்களிலும் ஒயர்களோடு உட்கார்ந்து, எந்த எண்ணைக் கேட்டாலும் "இல்லை" என்றுதான் சொல்லியிருந்தார். அப்படியும் பொய் பிடிக்கிற மெஷின் கண்டுபிடித்துவிட்டது.

"மனுஷன் மழுப்புவான். இது மழுப்பாது," என்றார் முதலாளி வரவழைத்திருந்த பரிசோதகர். சீட்டுக்கட்டை ஆப்பரேட்டரிடம் காட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எதிரே உட்காருபவனுக்கு முதலில் மெஷின்மேல் பக்தி வரவேண்டும், அப்புறம்தான் விசாரணை. அது அவர் தொழில்முறை.

விஷயம் லேசானதல்ல. பாய்லர் வெடித்துச் செத்துப்போனது ஆப்பரேட்டரின் தங்கை புருஷன். தண்ணீர் வால்வைத் திறக்க இவர் மறந்துவிட்டார் என்று முதலாளி அடித்துச் சொல்கிறார்.

"அன்னிக்குக் காலையில தண்ணி வால்வைத் திறந்தீங்களா?"

"திறந்தேன் சார். இந்தக் கையாலதான் திறந்தேன்."

மெஷினின் முள் துள்ளிக் குதித்தது. செத்த மாப்பிள்ளையை நினைத்தால் யாருக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளாது? பரிசோதகர் அதையெல்லாம் யோசிக்கிற ஆளா!

"பொய்னு காட்டுதே," என்றார் அலட்சியமாக.

ஆப்பரேட்டர் சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப திறந்ததா நானா நினைச்சுக்கிட்டேனா சார்? மாப்பிள்ளையை நான்தான் கொன்னுட்டேனா?"

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். வேலையும் போயிற்று.

மறுவாரம் இடிபாட்டைக் கிளறிய இன்ஜினியர்கள் அந்த வால்வைக் கண்டெடுத்தார்கள். அது முழுசாகத் திறந்தே இருந்தது. முதலாளி சுத்தம் செய்யாமல் விட்ட குழாய்தான் அடைத்துக்கொண்டிருந்தது.

சேதி கேட்ட பரிசோதகர் ஓட்டமும் நடையுமாக ஆப்பரேட்டர் வீட்டுக்குப் போனார். தங்கைதான் கதவைத் திறந்தாள்.

"உன்மேல தப்பே இல்லண்ணான்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன் சார். ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கிறாரு. நீங்களாவது சொல்லுங்க."

உள்ளே சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார் ஆப்பரேட்டர். பரிசோதகர் தரையில் உட்கார்ந்தார்.

"வால்வு திறந்துதாங்க இருந்திருக்கு. மெஷின் காட்டினது தப்பு. அந்தச் சீட்டுக்கட்டுல அத்தனையும் ஏழுதான். நான் உங்களை ஏமாத்திட்டேன்."

இப்படி அப்பட்டமாக ஓர் உண்மையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆப்பரேட்டர் மெல்லத் திரும்பினார். பரிசோதகரின் கையைப் பரிவோடு பிடித்துக்கொண்டார்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க சார்."