சங்கிலி போட்ட டம்ளர்

பல்கலைக்கழகக் கேன்டீன் வாசலில் ஒரு தண்ணீர் டிரம். அதோடு சேர்த்துச் சங்கிலியில் கட்டிய எவர்சில்வர் டம்ளர். அன்று ஏதோ விழா என்று பக்கத்திலேயே காகிதக் கப்புகளையும் அடுக்கிவைத்தார்கள்.

மேலே இருந்த கப்புக்கு டம்ளரைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னண்ணே, என்ன குத்தம் பண்ணீங்க? இப்படிக் கட்டிப் போட்டிருக்காங்க!"

"பன்னிரண்டு வருஷமா இப்படித்தான் தம்பி."

"ஐயையோ, ஆயுள் தண்டனை! எனக்கு எந்தக் கட்டும் கிடையாது. எங்க வேணும்னாலும் போவேன்."

சொல்லி வாய் மூடவில்லை. ஒரு மாணவி கப்பை எடுத்தாள், இரண்டு மடக்கு குடித்தாள், கசக்கி எறிந்தாள்.

அடுத்து வந்தவன் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்து, அலம்பி, பழைய இடத்திலேயே வைத்தான். சங்கிலி கலகலத்தது.

குப்பைத்தொட்டிக்குள்ளிருந்து நசுங்கிய குரலொன்று கூப்பிட்டது:

"அண்ணே, எனக்கும் ஒரு சங்கிலி போடச் சொல்லுங்கண்ணே!"