பெயர் போடாத சீட்டுகள்

"போர்டே போதும்லா. சாக்பீஸ் கிடக்கு, எழுதிப் போடச் சொல்லு. எதுக்கு இந்தத் தலைவலி?"

"எழுதுறப்ப கங்காணி பின்னாடி வந்து நிப்பாரே அண்ணே. யாரு எழுதுவா? எழுதினாலும் மறுநிமிஷம் துடைச்சிடுவாரு."

"அப்ப நோட்டு. வீடு வீடாச் சுத்தட்டும்."

"வீரப்பன் மாமா வீட்டுக்குப் போன நோட்டு திரும்பி வருமா? சுருட்டு பத்தவைக்கக் கிழிச்சிடுவாரு."

தோட்டத்து இளைஞர் மன்றத் தலைவன் அர்ஜுனன் சிரித்துவிட்டான். நவமணி சிரிக்கவில்லை. கொழுந்துக் கறை ஏறிய விரல்களால், மூடியில் சீட்டு நுழையும்படி வெட்டிய பிஸ்கட் டின் ஒன்றை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"பேர் போடாம எழுதி இதுல போடட்டும். ஞாயித்துக்கிழமை மன்றத்துல திறந்து படிப்போம். பதில் சொல்றவங்களும் எழுதிப் போடலாம். யாரு சொன்னாங்கன்னு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது."

"தெரிஞ்சா வேலை போயிடும். வேலை போனா லயத்து வீடும் போயிடும். படுத்த படுக்கையா இருக்கிற உங்கம்மாவத் தூக்கிட்டு எங்க போவ?"

"அதுக்குத்தான் பெட்டிங்கறேன்."

பேசவேண்டியது தண்ணீரைப் பற்றி. மேட்டுத் தேயிலைச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்த மறுநாள் லயத்துக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வரும். அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வாந்தி. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி தங்கையா முன்பே சொல்லியிருந்தார்: "ஒருத்தர் ரெண்டு பேர் முனகினா துரை காதுல ஏறாது. பத்துப் பேர் எழுதிக் குடுங்க. குழாயை மாத்தச் சொல்றேன்."

டின்னுக்குப் பக்கத்து டவுனான தானா ராத்தாவிலிருந்து ஒரு பூட்டு வந்தது. மன்றத்துச் சுவரில் டின் தொங்கிய வாரம், நவமணிக்குச் சோறு தின்ன நேரமில்லை. இந்தியாவுக்குக் கடிதமானாலும், கிராணி மேசைக்குப் போகும் மனுவானாலும் லயத்துப் பெண்களுக்கு எழுதிக் கொடுப்பவள் அவள்தான்.

"எழுது தாயி," என்றாள் வேலாயி. "என் சின்னவன் மூணு நாளா வயித்துல ஒன்னும் தங்காமக் கிடந்தான். பேர் மட்டும் போட்டுடாத. எம் புருஷனுக்கே தெரியக்கூடாது."

"உங்க பேரு எனக்கே மறந்துபோச்சுக்கா."

ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பது சீட்டுகள் விழுந்திருந்தன. அர்ஜுனன் படிக்கப் படிக்க, பெண்கள் தங்கள் சொற்களையே அடுத்த வீட்டுச் சங்கதிபோலக் கேட்டார்கள். வேலாயி மட்டும் சத்தமாகச் சொன்னாள்: "யாரு பெத்த புள்ள சொல்லிச்சோ, நல்லாச் சொல்லியிருக்கு!" மன்றமே சிரித்தது.

மறுநாள் நவமணியும் அர்ஜுனனும் சீட்டுகளை ஆபீசில் கொடுத்தார்கள். புதன்கிழமை விடியற்காலை, பனிமூட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்துக்குத் துரையே வந்தார். சீட்டுகளை மேசையில் பரப்பினார்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் பத்தொன்பதிலும் ஒரே பக்கம் சாய்ந்து ஓடிய எழுத்தைப் பார்க்கத் தமிழ் வேண்டியதில்லை. யார் கை என்று கேட்டார். தங்கையா நவமணியைக் காட்டினார்.

துரை சொன்னதைக் கிராணி தமிழில் சொன்னார்: "பத்தொன்பது பேர் இல்லையாம், ஒரே ஆளாம். பொய்யா எழுதித் தோட்டத்தக் கலைக்கப் பார்த்தியாம். சனிக்கிழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணணும்."

"ஐயா, எழுதினதுதான் நான். சொன்னது இவங்க."

"எவங்க? ஆளக் காட்டு."

நவமணிக்குப் பத்தொன்பது பேரையும் தெரியும். காட்டவில்லை. கூடைகளோடு நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலாயி, கட்டியிருந்த தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"யாராச்சும் ஒருத்தர்... உங்க பேரச் சொல்லுங்கக்கா."